ஏழுக்கு நடுவில் ஒரு கோடு

கரும்பு அரைக்கும் பருவம். ஆலைப் புகைபோக்கியிலிருந்து கரித்தூள் ஊர் முழுக்க இறங்கிக்கொண்டிருந்தது. மெரெசெய்னி டீச்சர் ஆசிரியர் அறையின் சன்னலைச் சாத்திவிட்டு, சாப்பாட்டு வேளையில் விண்ணப்பப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். மூன்று மணிக்கு நேர்காணல். மூன்று வருடமாக ஆண்டு ஒப்பந்தத்தில் வரலாறு நடத்துகிறவர். தேறினால் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் பள்ளிக் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும். சர்க்கரை நோயில் ஒரு காலை இழந்து கிடக்கும் கணவன் செமியைக் கூட்டிக்கொண்டு எந்த வீட்டு வாசலில் போய் நிற்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

‘உங்கள் கற்பித்தல் கொள்கை என்ன?’ என்ற இடத்தில் தயங்காமல் எழுதினார். ‘கேள்வி மாணவர்களுடையது. எதைத் தேடுவது, யாரிடம் கேட்பது என்று அவர்களே முடிவு செய்வார்கள். நான் பின்னால் நடப்பேன்.’ முந்தைய அனுபவம் என்ற இடத்தில், சர்க்கரை ஆலையில் வருகைப் பதிவு எழுத்தர், பத்து வருடம் என்று எழுதி, ஆலை நிர்வாகி ஹர்கோவிந்த் கொடுத்த நற்சான்றையும் சேர்த்துக் குத்தினார். நம்பகமானவர் என்று அதில் இருந்தது. ஹர்கோவிந்த்தான் பள்ளிக் குழுவுக்கும் தலைவர். மூன்று மணிக்குக் கேள்வி கேட்கப் போகிறவரும் அவரே.

பன்னிரண்டாம் வகுப்பு வசிதி உள்ளே வந்தாள். நாற்காலியில் உட்காராமல் தரையில் கால் மடக்கி உட்கார்ந்தாள். ஒன்று கேட்டு வருகிறவர்கள் பெரியவர்கள் முன் வைக்கும் யங்கோனா வேர்க்கட்டைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்து வந்திருந்தாள், அதை டீச்சரின் காலடியில் வைத்தாள். பக்கத்தில், எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய ஒரு பழைய காகிதம்.

ஆலையில் செத்தவர்கள் யார் என்பதுதான் அவளுடைய குழு எடுத்துக்கொண்ட கேள்வி. ஆலைக்காரர்கள் பழைய வருகைப் பதிவேடுகளை எடைக்குப் போட்டிருந்தார்கள். கேட்டருகே வறுத்த பட்டாணி விற்கிறவன் அவற்றைக் கிழித்துப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தான். பிள்ளைகள் மிச்சமிருந்ததை அவனிடம் வாங்கி, பக்கம் பக்கமாகத் தேடியிருக்கிறார்கள். ஒன்பது வருடத்துக்கு முந்தைய ஆகஸ்டு 17. எமோசி, கொதிகலன் பகுதி. எதிரே சிவப்பு மையில், வரவில்லை. எமோசி வசிதியின் அப்பா.

“அன்னைக்கு ஆலை கேட்டு வரைக்கும் அவர் கையப் புடிச்சுட்டு நடந்தேன் மிஸ். வேக வச்ச மரவள்ளிக்கெழங்கு பொட்டலத்த நான்தான் கையில குடுத்தேன். அப்புறம் எப்படி வராம போனாரு?”

ஆலை ஆபீசில் கேட்கச் சொன்னார் டீச்சர்.

“யாரு எழுதினது, யாருக்காக எழுதினதுன்னு மொதல்ல கேளுங்கன்னு நீங்கதான சொல்லிக்குடுத்தீங்க? ஏழுக்கு நடுவுல கோடு போடுறது இந்த ஊருல நீங்க மட்டுந்தான் மிஸ்.” அவள் கோபமாகப் பேசவில்லை. “வெறுங்கையோட போய்க் கேக்காதன்னு அம்மா சொல்லிச்சு.”

வேரைத் தொட்டால் பதில் சொல்லியாக வேண்டும். தொடாமலும் விடலாம், ஆனால் அந்த மண்ணில் பிறந்தவர்கள் யாரும் அப்படி விட்டு டீச்சர் பார்த்ததில்லை. சுவரில் மணி ஒன்றே முக்கால். படிவத்தைப் பார்த்தார், செமியை நினைத்தார். கை தானாகப் போய் வேரைத் தொட்டது. அதைத் தைரியம் என்று சொல்ல முடியாது, வளர்ந்த வளர்ப்பு அப்படி.

பிறகு சொன்னார். காலை ஏழரைக்குக் கொதிகலன் குழாய் வெடித்தது. எமோசியின் உடலை வெளியே கொண்டுவருவதற்கு முன்பே ஹர்கோவிந்த் ஒரு கோப்பைத் தேநீருடன் பதிவு அறைக்கு வந்தார். “உள்ளயே வராத ஆளுக்கு விபத்து எப்படிம்மா நடக்கும்? யோசிச்சு எழுது” என்று தேநீரை மேசையில் வைத்துவிட்டுப் போனார். மெரெசெய்னி தலை நிமிரவில்லை. வந்தார் என்று போட்ட குறியைப் பிளேடால் சுரண்டிவிட்டுச் சிவப்பு மையில் எழுதினார். செம்புக் கம்பி திருட வேலி தாண்டி வந்தவன் என்று ஆலை சொன்னது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள். சோறு பரிமாறியது இவர் கை. நட்ட ஈடு இல்லை. அந்த வாரமே வசிதியின் அம்மா தொழிலாளர் குடியிருப்பை விட்டு வெளியே நின்றாள்.

சொன்னதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

“இத வச்சு அம்மாவுக்கு ஏதாச்சும் கெடைக்குமா மிஸ்?”

“மூணு வருசத்துக்குள்ள கேட்டிருக்கணும்மா. காலம் தாண்டிடுச்சு.”

வசிதி இரண்டு தாள்களையும் ஒன்றாக மடித்துக்கொண்டு எழுந்து போனாள்.

நேர்காணலில் ஹர்கோவிந்த் படிவத்தைப் படித்துவிட்டு, பிள்ளைகளைச் சுதந்திரமாக விடும் கொள்கையை மனதாரப் பாராட்டினார். திங்கட்கிழமை உத்தரவு வரும் என்றார். வெள்ளிக்கிழமை பெற்றோர் நாள். கண்காட்சிச் சுவரில் எதை ஒட்டுவது என்று டீச்சரை யாரும் கேட்கவில்லை, கேட்க வேண்டாம் என்று சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். பிள்ளைகள் பதிவேட்டுப் பக்கத்தையும் டீச்சரின் வாக்குமூலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் குத்தினார்கள். மத்தியானத்துக்குள் சுவரில் குண்டூசித் துளைகள் மட்டும் இருந்தன.

திங்கட்கிழமை காலை வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடப் பள்ளி ஆபீசுக்குப் போனார். அவரது முதல் வருட மாணவி ப்ரீத்திகா அங்கே எழுத்தராக இருந்தாள். மெரெசெய்னியின் பெயருக்கு எதிரே வியாழனும் வெள்ளியும் சிவப்பாக இருந்தன. மூன்று நாள் சொல்லாமல் வராவிட்டால் ஒப்பந்தம் தானாக முடியும் என்பது ஆபீசில் எல்லோருக்கும் தெரிந்த விதி.

“ப்ரீத்திகா, நான் உன் முன்னாலதானம்மா நிக்கிறேன்.”

“மேலருந்து சொல்லிட்டாங்க மிஸ்.”

அவள் தலை நிமிரவில்லை. அவளுடைய கைக்குப் பக்கத்தில் ஒரு கோப்பைத் தேநீர் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. சிவப்புப் பேனாவை எடுத்து அன்றைய தேதியை எழுதினாள். 17. டீச்சரிடம் கற்றுக்கொண்டபடியே, ஏழுக்கு நடுவில் ஒரு சின்னக் கோடு இழுத்தாள்.