சென்சாருக்கும் புகைக்கும் நடுவே

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், தெரிந்த ஒருவர் சொன்னார் என்பேன். எழுதுகிறவர்களுக்கு அது ஒரு வசதி. கதைநாயகனுக்கு முப்பத்தெட்டு வயது. வெளியூர் வேலைக்குப் போன அக்கா, தன் காரை ஆறு மாதம் அவனிடம் விட்டுவிட்டுப் போனாள். அவன் அதன் சைலன்சர் குழாயைக் கழற்றிவிட்டு, உறுமுகிற ஒன்றை வாங்கி மாட்டினான்.

[ஏன் என்பதற்கு ஒரு சோகமான இளமைப் பருவம் எழுதிப் பார்த்தேன். சுத்தப் பொய். சிக்னலில் நாலு பேர் திரும்பிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.]

2

"மூன்றாம் நாள் டாஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு, மாலை வெயிலைப் போல" – அடித்துவிட்டேன். விளக்கை வர்ணித்துக் காலம் கடத்தப் பார்க்கிறேன்.

விளக்கு எரிந்தது. புகையை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரில் கோளாறு என்றது சோதனைக் கருவி. புது சென்சார் வாங்கிப் போட்டான். இரண்டே நாளில் மறுபடி எரிந்தது. அப்புறம்தான் மெக்கானிக்கிடம் போனான். அவர் குழாயின் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தெளித்து, பின்பக்கத்திலிருந்து காற்றை அடித்தார். இணைப்பைச் சுற்றிக் குமிழிகள் கிளம்பின.

"சென்சார் மேல தப்பே இல்ல சார். அது உள்ளதத்தான் சொல்லுது. இந்தக் குழாய் உங்க வண்டிக்கு சரியா உக்காரல, கசியுது. பழசையே போட்டுடுங்க."

பழசை அவன் எடைக்குப் போட்டிருந்தான். "நாளைக்கு அக்கா வர்றாங்கண்ணே. லைட் அணைஞ்சாப் போதும்."

 மெக்கானிக் சென்சாரைக் கழற்றி, விரல் நீள இரும்புக் குழல் ஒன்றைக் குழாய்க்கும் அதற்கும் நடுவில் திருகி, அதன் மேல் சென்சாரை மாட்டினார். இனி புகை அதன் மேல் நேராகப் படாது.

"லைட் அணையும், கசிவு நிக்காது. புகை வண்டிக்குள்ள வரும், ஜன்னல ஏத்திட்டு ஓட்டக் கூடாது. அக்காகிட்டயும் சொல்லிடுங்க."

(அடிக்குறிப்பு போல ஒன்று: முந்தைய வரைவில் இந்த மெக்கானிக்கைப் பேராசைக்காரராக எழுதியிருந்தேன். பழி போட ஓர் ஆள் தேவைப்பட்டது.)

3

"என்னடா இவ்ளோ சத்தம்?" என்றாள் அக்கா.

"பழசு துருப்பிடிச்சுப் போச்சுக்கா. புதுசு வாங்கிப் போட்டேன்."

அவள் நெகிழ்ந்து போனாள். தம்பிக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள். இதை எழுதும்போது எனக்குக் காது சுடுகிறது. ஜன்னலைப் பற்றிச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும்.

அக்கா மகளுக்கு ஒன்பது வயது, வீட்டில் வாலு என்று பெயர். ஒரு மாதமாகப் பள்ளி வாசலில் இறங்கும்போதெல்லாம் அவளுக்குத் தலைவலி. இரண்டு முறை வாந்தி எடுத்தாள். திங்கட்கிழமை அக்கா போன் செய்தாள்.

"மட்டம் போட நடிக்கிறாடா. இன்னைக்கு முதுகுல ரெண்டு வச்சேன். நீயாவது சொல்லு, நீ சொன்னா கேப்பா."

போன் கை மாறியது.

"நடிக்கல மாமா. கார்ல ஏறினாத்தான் வலிக்குது."

"அம்மா சொல்றதக் கேளுடா செல்லம்."



"சரி மாமா. இனிமே சொல்ல மாட்டேன்."

4

முடிவுகள்.

அ) மெக்கானிக்கே அக்காவைத் தேடிப்போய்ச் சொல்லிவிடுகிறார்.

ஆ) குழாய் ஒருநாள் தானாகவே கழன்று விழுகிறது.

இ) பின்சீட்டில் வாலு தூங்கிப்போகிறாள், பள்ளி வந்தும்

எழுத மாட்டேன்.

முதல் இரண்டிலும் அவன் வாயைத் திறக்க வேண்டியதில்லை. கவனித்திருப்பீர்கள். இன்று வெள்ளி. ஒரு போன் கால் போதுமான இடத்தில், மூன்று நாளாக நல்ல முதல் வரி ஒன்றைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த மூன்று நாளும் வாலு அதே காரில்தான் போனாள். தலைவலி என்று அவள் சொல்லவில்லையாம்.

'அவன்' என்று எழுதினேனே, அதுவும் நான் நடுவில் திருகிய குழல்தான். காரை இரவல் வாங்கியவன் நான், குழாயை மாட்டியவன் நான், குழந்தையின் வாயை அடைத்தவனும் நான். வெட்கமாக இருக்கிறது.

முடிவை வாசகரிடம் விடுவது இந்த மாதிரிக் கதைகளில் வழக்கம். என் கதைகளை முதலில் படிப்பவள் அக்கா, ஆகவே முடிவு அவளுடையது. ஆனால் மணி ஏழே முக்கால். எட்டுக்கு அவர்கள் கிளம்பிவிடுவார்கள். இதை அனுப்பி அவள் படித்து முடிப்பதற்குள் பள்ளியே வந்துவிடும். பேனாவை வைத்துவிட்டு அவளுக்குப் போன் போட்டேன். மணி போய்க்கொண்டிருக்கிறது.

அக்கா, வாலு நடிக்கல. அவள கார்ல ஏத்தாத. போன எடு.