கடைசி அறையிலிருந்து வாசல்வரை

…அந்த மலை மடத்தை முதலில் துடைத்துவிட்டால் மிச்சமெல்லாம் இறக்கம்தான், தண்ணீர் தானாகவே கடலைப் பார்த்து ஓடிவிடும் என்று நினைத்தபோது விமலராஜுக்குச் சிரிப்பு வந்தது, ஓர் ஊரை யாராவது மொப் போட்டுத் துடைப்பார்களா, அதுவும் கண்ணால் காணாத ஊரை… ஆனால் இருபத்தெட்டு வருசமாகப் பலெர்மோவில் மற்றவர்களின் வீடுகளைத் துடைத்தே பிழைக்கிற மனிதருக்கு வேறு எப்படி யோசிக்க வரும்? ஆக உள்ளே, கடைசியாக இருக்கிற அறையில் தொடங்க வேண்டும், பின்பக்கமாக நடந்தபடியே வாசலுக்கு வர வேண்டும், ஈரத்தில் கால் வைக்கக் கூடாது, அவ்வளவுதான் தொழில். பதலோனாவையும் அவர் அப்படியேதான் படித்திருந்தார், ஸ்பெயினில் பார்சலோனாவை ஒட்டிக்கொண்டு கிடக்கிற அந்தப் பெரிய ஊரை, மூன்று மாதமாக, வேலைவீட்டுக் குசினிகளில் நின்றபடி பாணைக் கடித்துக்கொண்டு, போனில் வரைபடத்தை விரித்துவைத்து. மனைவி றோசமலர் மகள் தர்சனாவின் பிள்ளைப்பேறு பார்க்கப் போனது அங்கேதான், ஒரு மாதம் என்று சொல்லிப் போனவள், திரும்பி வருகிற கதையையே காணோம். இன்றைக்கு நாலு மணிக்குத் தர்சனா புது வீட்டுக்குக் கையெழுத்து வைக்கிறாள். அப்பா வருவார் என்றால் மூன்று அறை வீடு, அம்மாவும் அங்கேயே நிற்பாள். வரமாட்டார் என்றால் இரண்டு அறை போதும், அம்மா அடுத்த மாதம் பலெர்மோவுக்குத் திரும்பிவிடுவாள். முடிவு சொல்ல வேண்டியவரோ வியாழக்கிழமை அரைநாள் லீவில், பலெர்மோவில் தான் குடியிருக்கிற சீசாப் பகுதியிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு கத்தரிக்காய் வாங்கப் புறப்பட்டுவிட்டார்.

வெயில் பதமாக இருந்தது, பஸ் எடுக்க மனம் வரவில்லை, நடக்கலாம், நாலு மணிக்கு இன்னும் நேரம் கிடக்கிறது… மனதுக்குள் பதலோனா ஓடியது, மலை மடம், பிறகு பெருந்தெரு, பிறகு மாடி வீடுகள், அடுக்கடுக்காய், கொடியில் உடுப்புக் காய்கிற பல்கனிகள், அது சீசாவேதான், பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். கொலம்பஸ் முதல் பயணம் முடிந்து வந்தபோது ஸ்பெயின் ராஜாவும் ராணியும் அந்த மடத்தில்தான் அவனை வரவேற்றார்களாம், போன் சொல்கிறது. போனவனை ராஜா வரவேற்கட்டும், நல்லதுதான், ஆனால் அவனுடைய வீட்டில் அந்த நேரம் யார் கதவு திறந்தார்கள் என்று போன் சொல்லவில்லையே. இங்கே பலெர்மோவின் மாசிமோ தியேட்டர்ப் படிகளில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் ஐஸ்கிரீம் நக்கிக்கொண்டிருந்தார்கள், அவர்களைத் தாண்டி வியா மக்வேதாவுக்குள் இறங்கினார், செருப்புக் கடை, பொரித்த சோற்றுருண்டை வாசம்… இந்தத் தெருவே ஒரு ஸ்பெயின்காரனின் பெயர்தான், ஒரு காலத்தில் இங்கே ஆள வந்தவன். அப்படிப் பார்த்தால் இத்தனை வருசமும் ஸ்பெயினுக்கு மேலேதானே நடந்திருக்கிறோம், பிறகென்ன பயம்? பயமென்று யார் சொன்னது? இங்கே ஒரு குறையும் இல்லை, அதுதான் சிக்கல். வீடு கசந்துபோன ஆளுக்குப் பெட்டி கட்டுவது லேசு. இவருக்குச் சட்டைப்பையில் கிலுங்குகிற நாலு வேலைவீட்டுத் திறப்புகள் இருக்கின்றன, கேட்காமலே கோப்பி வைக்கிற ஒரு வீட்டுக்காரச் சின்யோரா இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் தமிழ்ப் பூசை இருக்கிறது, இத்தாலிப் பாஸ்போட்டும் கைக்கு வந்துவிட்டது. றோசமலர் மட்டும் இல்லை. ஒற்றை ஆளுக்குக் கறி வைத்தால் உப்பு ஒருநாளும் சரிவராது என்பதை இந்த மூன்று மாதத்தில் நன்றாகத்தான் படித்தார்.

பதலோனாவில் மாடி வீடுகளுக்குக் கீழே பழைய ஊர், அதற்கும் கீழே, நிலத்துக்கு அடியில், ரோமர்களின் தெரு, குளிக்கிற கட்டடம், தண்ணீர் ஓடிய வாய்க்கால், எல்லாம் மியூசியத்துக்குக் கீழே அப்படியே கிடக்கிறதாம், இரண்டாயிரம் வருசத்து நிலம், அதை யார் துடைக்கிறார்களோ, எந்தத் தூளைப் பாவிக்கிறார்களோ… பிறகு ரயில், அந்த நாட்டின் முதல் தண்டவாளம் அந்தக் கரையோரமாகத்தான் போனதாம், தண்டவாளத்துக்கு அங்காலே மணல். குரங்குப் படம் ஒட்டிய போத்தலில் சாராயம் செய்த தொழிற்சாலை ஒன்று, றோசமலர் அந்தக் குரங்கின் சிலைக்குப் பக்கத்தில் நின்று படம் அனுப்பியிருந்தாள், பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக. கடைசியில் பாலம். கடலுக்குள் நீட்டிக்கொண்டு போய், ஒரு கரையையும் தொடாமல் சும்மா நின்றுவிடுகிற பாலம். முந்திக் கப்பலிலிருந்து எண்ணெய் இறக்கினார்களாம், புயல் உடைத்ததாம், திருத்திவிட்டார்களாம், இப்போது சனம் அதில் போய்க் காற்று வாங்குகிறது. துடைத்து முடிக்க நல்ல இடம், வாளியை அப்படியே கடலில் கவிழ்க்கலாம்.

நிமிர்ந்து பார்த்தால் கத்தரிக்காய்க்கு நேரே போயிருக்க வேண்டும். நாலு மூலையிலும் ராஜாக்கள் நிற்கிற சந்தியைத் தாண்டி வலப்பக்கம் ஒழுங்கைக்குள் இறங்கினால் அல்பெர்கேரியாப் பகுதி, பல்லறோ சந்தை, கால் கண்ணை மூடிக்கொண்டே போகும். இன்றைக்குக் கால் இடப்பக்கம் திரும்பி, கடலுக்குப் போகிற இறக்கத்தில் அரைவாசி வந்துவிட்டிருந்தது. திரும்புவோமா என்று நினைத்தார், திரும்பவில்லை. இறக்கத்தின் முடிவில் பழைய நகரத்தின் வாசல், இரண்டு பெரிய தூண்கள், மேலே வளைவு இல்லை, ஊரைக் காக்கிற புனிதை சந்த ரொசலியாவின் தேர் தடக்காமல் போகவேண்டும் என்றுதான் விட்டார்களாம். அந்தத் தூண்களுக்கு நடுவே நின்றபோதுதான் அவருக்கு உறைத்தது. சீசாவிலிருந்து வாசல்வரை, வந்த வழியே ஒரு தரமும் திரும்பாமல், அறை அறையாக… பலெர்மோவையும் துடைத்து முடித்துவிட்டோமா? அப்போது போன் அடித்தது, றோசமலர்.

"இஞ்சரப்பா, வீட்டுக்காரன் வந்திட்டான், பிள்ளை பேனையோடை நிக்கிறாள். வாறியளோ, இல்லையோ?"

"வாறன்" என்றார். யோசித்துச் சொன்னதாகவே இல்லை, ஈரத்தைத் தாண்டி எட்டி வைத்த கால் மாதிரி அது வெளியே விழுந்துவிட்டது. அங்காலே றோசமலர் மகளிடம் கத்திச் சொல்வது கேட்டது, பேரனின் அழுகை கேட்டது, அவருக்குக் கண் கலங்கியது, சந்தோசம், வேறொன்றுமில்லை, சுத்தமான சந்தோசம். எத்தனை பெட்டி, எந்தத் துணி என்று அவர் கேட்கத் தொடங்க, அவள் விடவில்லை.

"ஒண்டும் கொண்டுவர வேண்டாம். ஒரு வேலையும் செய்யவும் வேண்டாம். வந்து இருங்கோ, அது காணும்."

போனை வைத்துவிட்டுக் கடலோரத்தில் பீங்கான் ஓடு பதித்த வாங்கு ஒன்றில் உட்கார்ந்தார். வந்து இருங்கோ… சரி, போகிறோம், தர்சனா கதவைத் திறக்கிறாள், உள்ளே போகிறோம். மனதுக்குள் நடந்து பார்த்தார். கால்கள் நேரே ஆக உள்ளே இருக்கிற அறைக்குத்தான் போயின, கண் வாளியைத் தேடியது. சீ, திரும்பு என்று திரும்பவும் வாசலிலிருந்து தொடங்கினார், மறுபடியும் அதே அறை, அதே வாளி. பதலோனா முழுவதையும் மலையிலிருந்து கடல்வரை பிழையில்லாமல் படித்திருக்கிறார், ஆனால் அது ஒரு வீட்டைவிட்டு வெளியே வருகிற ஒழுங்கு. உள்ளே போய் இருக்கிற ஒழுங்கை எங்கேயும் படிக்கவில்லையே… எத்தனை வீட்டுச் சோபாக்களைத் தூக்கி அடியில் கூட்டியிருக்கிறார், ஒன்றிலாவது முதுகைச் சாய்த்திருக்கிறாரா? வாங்கில் கொஞ்சம் பின்னால் தள்ளி உட்கார்ந்து பார்த்தார். வெறும் பை மடியில் கிடந்தது, கத்தரிக்காய் இன்னும் வாங்கவில்லை, எதிரே கடல், இதே கடல்தான் அங்கேயும். பேரன் தூங்குகிற நேரம் அந்த வீட்டில் எந்தப் பக்கத்துக் கதிரையில் சாய்ந்து இருந்தால் நல்லது என்று யோசிக்கத் தொடங்கினார், அது இலேசில் பிடிபடவில்லை.