சனிக்கிழமைப் பானை

பாலம் இருந்த இடத்தில்தான் இருந்தது. ஆற்றுக்கு அக்கரை கனடா. ஆர்லீனின் சாப்பாட்டுக்கடை இக்கரையில், அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில். அக்கரையில் பந்து உருட்டி விளையாடும் கோஷ்டி ஒன்று, பத்துப் பேர், வருஷக்கணக்காகச் சனிக்கிழமை மாலையில் பாலத்தை நடந்தே தாண்டி வந்து, அவள் வேகவைத்த பீன்ஸ் கொட்டையை வயிறு முட்டத் தின்றுவிட்டுப் போவார்கள். எல்லைச் சாவடியில் பெயரைச் சொன்னால் விட்டுவிடுவார்கள். இந்த ஜூனில் பாஸ்போர்ட் கட்டாயம் என்றார்கள். அதோடு சனிக்கிழமையின் கதை முடிந்தது.

"ரெண்டு போட்டோ எடுத்து அனுப்ப ஒங்களுக்கு என்னடா வலிக்குது?" என்று போனில் ஒவ்வொருவனையும் திட்டித் திட்டி அவளுக்கே அலுத்துவிட்டது. சிரித்தார்கள், சரி என்றார்கள், யாரும் வரக்காணோம். உள்ளூர்க்காரர்கள் காபியோடு சரி. அந்தப் பத்துப் பேர் வராவிட்டால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான். ஆனாலும் வெள்ளிக்கிழமை வந்தால் அவள் கை தானாகப் பெரிய பானையை எடுத்து, பத்துப் பேருக்கும் சேர்த்துக் கொட்டையை ஊறப்போட்டுவிடும். பாழாய்ப்போன பழக்கம்.

இந்தச் சனிக்கிழமை மெல்வின் மட்டும் வந்தான். புதுப் பாஸ்போர்ட்டை மேசைமேல் பெருமையாகப் போட்டான்.

"பாத்தியா? எங்கள்ல மொத ஆளு நான்தான். பத்துப் பேருக்கும் கட்டிக் குடு ஆர்லீன்."

அவளுக்கு உயிர் திரும்பி வந்தது. "வாராவாரம் கட்டித் தரேன்டா!"

மெல்வின் தலையைச் சொறிந்தான். "அதில்ல... எங்க ஆட்டக்கூடத்துலயே மேசை போட்டாச்சு. இனிமே அங்கதான் சாப்பாடு. வாராவாரம் நான் பானை தூக்க முடியுமா, சொல்லு. என் பொண்டாட்டியே வேக வைக்கிறேங்கறா. நீ என்னென்ன போடுவேன்னு மட்டும் சொல்லிடேன்."

"ஏன், கடைச் சாவியையும் தரட்டுமா?"

"கோவிச்சுக்காத. நீயே வந்து அவளுக்குச் சொல்லிக் குடு. எங்களோட உக்காந்து சாப்பிடு. ஒரு நாளாவது எங்களோட உக்காந்திருக்கியா நீ?"

இல்லை. பரிமாறிப் பரிமாறியே வருஷங்கள் ஓடிவிட்டன. கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. ஆர்லீன் சமையலுக்குக் கட்டியிருந்த ஏப்ரன் துணியை அவிழ்த்தாள்.

"இன்னிக்கே வரேன். கடைய அடைச்சிடறேன்."

"வா வா. போறப்ப சாவடிக்காரன் ஒண்ணும் சொல்ல மாட்டான், திரும்பி வர்றப்பதான் கேப்பான். ஒன் பாஸ்போர்ட்ட மறக்காம எடுத்துக்க."

அவிழ்த்த துணியைக் கையில் பிடித்தபடி அவள் நின்றாள். ஊரையெல்லாம் திட்டியவளுக்குத் தனக்கும் ஒன்று வேண்டும் என்று தோன்றவே இல்லை. வரவேண்டியவர்கள் அவர்கள்தானே என்று இருந்துவிட்டாள்.

மெல்வினுக்குப் புரிந்துவிட்டது. ஜன்னல் வழியே பாலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆர்லீன் துணியை மறுபடி கட்டிக்கொண்டு பானையைத் திறந்தாள்.

"கரும்புப் பாகு ஒரு கோப்பை," என்றாள். "பன்றிக் கொழுப்ப அடியில வைக்கணும், மேல இல்ல. கடுகுப் பொடிய அவ மறந்துடுவா, நீ ஞாபகப்படுத்து."