மூன்றாவது சிலிண்டரின் பின்சுவர்

விரல் உள்ளே போகிறது, முதல் கணு, இரண்டாம் கணு, போகக் கூடாது, அங்கே கல்லாக இறுகிய கலவை இருக்க வேண்டும், நான்தான் ஊற்றினேன், இந்தக் கையால்தான், ஆனாலும் விரல் போய்க்கொண்டே இருக்கிறது, மூன்றாவது சிலிண்டரின் பின்சுவர் பிளந்து திறந்த வாய்க்குள், இரும்பின் உதடு விரலின் இரண்டு பக்கமும் சில்லென்று தொடுகிறது, நான்கு மாதம் தார்ப்பாய்க்குள் கிடந்த இஞ்சின், பதினொரு மணிக்குப் பழைய இரும்புக்காரர் வருகிறார் என்று இன்று காலை பிரித்தேன், பிரித்ததும் தெரிந்தது இந்த வாய், கண்ணை நம்பாமல் விரலை விட்டேன், இப்போது எடுக்கவில்லை, எதுவும் விரலைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை, நான்தான் எடுக்கவில்லை. என்ன மாப்ள, என்ன இருக்குது உள்ள என்று எதிரே நின்று கேட்கிறார் சென்னியண்ணன், இருபது வருடம் சிலிண்டர் குடையும் போரிங் மிஷினில் நின்றவர், எனக்குச் சொந்தமில்லை, இந்தப் பட்டறையில் கூட்டாளி, மாப்ள என்றுதான் கூப்பிடுவார், ஒன்னுமில்லீங்ணா என்கிறேன், மண்ணு கொஞ்சம் இருக்குதுங்க.

மண் என்றதும் அவர் முகம் மாறியது, மாறுகிறது, நான் அதைப் பார்க்காமல் சிலிண்டர்களைச் சேர்த்து வார்த்த இரும்பு பிளாக்கைப் பார்க்கிறேன், எத்தனை பிளாக்குகள் இந்த மேசையில் ஏறியிருக்கின்றன, வீட்டிலிருந்து கடைக்குப் போய்வரச் செய்த இஞ்சின்கள், அவற்றில் டர்போ மாட்டி மூன்று மடங்கு வேலை வாங்க வருகிறார்கள் பந்தயக்காரர்கள், சிலிண்டர் தாங்காது, மெல்லிய சுவர், சுற்றிலும் தண்ணீர், ஒவ்வொரு வெடிப்புக்கும் விம்மிச் சுருங்கும், தண்ணியில நிக்கிற டம்ளருங்க, நாம அத நட்டு வெக்கறோம், பல்லுக்கு ஈறாட்ட என்பார் சென்னியண்ணன் வருகிற ஒவ்வொருவரிடமும், தண்ணீர் ஓடும் இடைவெளியின் கீழ்ப்பாதியில் இரும்புத்தூளும் சிமெண்டும் கலந்த கலவையை ஊற்றி இறுகவிடுவோம், அதன்பின் அந்தச் சுவர் அசையாது, அசைந்ததில்லை, எட்டு வருடத்தில் ஒன்றுகூட. எல்லாம் பழைய பிளாக்குகள், பத்துப் பதினைந்து வருடம் ஓடிச் சூடாகிக் குளிர்ந்து அடங்கிய இரும்பைத்தான் எடுப்போம், அது எங்கள் வழக்கம், தாரணிக்கு என்றபோது மட்டும் நான் வழக்கத்தை விட்டேன், தங்கச்சி ஓட்டப்போகிற வண்டிக்கு எவனோ ஓட்டித் தள்ளிய இரும்பா என்று பெட்டி பிரிக்காத புது பிளாக் வாங்கினேன், உள்பக்கம் பளபளத்தது, துருவே இல்லை, பழைய பிளாக் என்றால் நாள் முழுக்கக் கம்பியை விட்டுக் குடைந்து கழுவுவோம், இதை ஒருமுறை தண்ணீர் அடித்துவிட்டு வைத்தோம், வார்ப்படத்தில் அந்த இடைவெளி எப்படி உண்டாகிறது என்று கோயம்புத்தூரில் பிறந்த எவனுக்கும் தெரியும், மண்ணால் உருவம் செய்து வைத்து அதைச் சுற்றி இரும்பை ஊற்றுகிறார்கள், பிறகு மண்ணைத் தட்டி எடுக்கிறார்கள், எடுக்க மறந்தால், ஒரு மூலையில் சுட்டு இறுகி நின்றுவிட்டால், பழைய பிளாக்கில் வருடக்கணக்காக ஓடிய தண்ணீர் அதைக் கரைத்திருக்கும், புதியதில் அது அப்படியே நிற்கும், அந்த இடத்துக்குக் கலவை போகாது, சுவருக்கு அங்கே பிடிமானம் இருக்காது, நாங்கள் துருவைத் தேடப் பழகியவர்கள், மண்ணைத் தேடத் தெரியாது.

நான்கு மாதத்துக்கு முன் பந்தயம் நடந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, வெயிலில் கண் கூசுகிறது, ட்ராக்கின் நேர்ச்சாலை முடிந்து வண்டிகள் வலப்பக்கம் திரும்பும் இடத்தில் நான் வேலியைப் பிடித்தபடி நிற்கிறேன், மூன்றாவதாக வருகிறாள் தாரணி, ஐந்தாவது கியர், திருப்பத்துக்கு முன் நாலுக்கு இறக்க வேண்டும், இறக்குகிறாள், அல்லது இறக்கப் போகிறாள், அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது, முன்சக்கரங்கள் இரண்டும் பூட்டியது போல நின்றுவிட, வண்டி திரும்பாமல் நேராகச் சுவருக்குப் போகிறது, போவதற்கு அவ்வளவு நேரம் ஆகிறது, நான் அதற்குள் அவள் பெயரை முழுதாகச் சொல்லி முடித்துவிட்டேன், என் பக்கத்தில் நின்றவன் சொன்னான், பொம்பளப் புள்ள, பதட்டத்துல நாலுக்குப் பதிலா ரெண்டாவதப் போட்டிருச்சு, பாருங்க, சக்கரம் அப்படியே நின்னுபோச்சு, சாயங்காலத்துக்குள் எல்லோரும் அதையே சொன்னார்கள். கியரைத் தப்பாகப் போட்டாலும் சக்கரம் அப்படித்தான் நிற்கும், பிஸ்டன் சிக்கி இஞ்சின் பூட்டிக்கொண்டாலும் அப்படித்தான் நிற்கும், ஓட்டுகிறவளுக்குக்கூட வித்தியாசம் தெரியாது, இஞ்சின் சுற்றுகளைப் பதிவு செய்யும் பெட்டி சுவருக்கும் வண்டிக்கும் நடுவே நொறுங்கிப் போயிருந்தது.

ஆஸ்பத்திரியில் அவள் இடது காலில் கம்பி வைத்திருந்தார்கள், அம்மா கட்டிலருகே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள், அழாதம்மா, நீ பார்த்த அந்தக் காங்கயத்து மாப்பிள்ளையவே கட்டிக்கிறேன், ஒரு காலு குட்டையா இருந்தாப் பரவால்லையான்னு கேட்டு வை என்றாள் தாரணி, எல்லாம் ஒடஞ்சும் இந்த வாயி மட்டும் ஒடையல பாரு என்று அம்மா அழுகையோடு சிரித்தாள், அம்மா வெளியே போனதும் தாரணி தன் இடது கையை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள், கியர் போடும் கை, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள், ஏண்ணா, நாலு போட்டேன்னுதான் கைக்கு ஞாபகம், ஆனா எல்லாரும் ரெண்டுங்கறாங்க, அப்ப ரெண்டாத்தான் இருக்கும், உன் இஞ்சின நானே ஒடச்சுட்டேன், நான் அவள் தலையைத் தொட்டு, விடு கண்ணு, இஞ்சின் போனாப் போகுது என்றேன், எவ்வளவு பெரிய மனசு எனக்கு, மன்னித்தேன், நான் அவளை மன்னித்தேன். அதன்பிறகு அவள் அந்தக் கையால் டம்ளர்கூட எடுப்பதில்லை, மடியிலேயே வைத்துக்கொள்கிறாள், அடிபடாத கை அது. பத்து வயதில் இந்தப் பட்டறையின் வெளியே நின்ற, சக்கரமில்லாத ஒரு காரில் ஏறி அந்தக் கையால்தான் கியரைத் தள்ளித் தள்ளிப் பழகினாள், ஒண்ணு, ரெண்டு, மூணு, வாயால் இஞ்சின் சத்தம் போட்டபடி, வீட்டுக்கு வா என்று கூப்பிட்டால், இருண்ணா, மேட்டுப்பாளையம் வந்துருச்சு, ஊட்டி ஏறீட்டு வந்தர்றேன் என்பாள்.

நான் ஏன் நான்கு மாதமாக இந்தத் தார்ப்பாயைப் பிரிக்கவில்லை, நேரமில்லை என்று சொன்னேன், மனசு வரவில்லை என்று சொன்னேன், கனவில் மட்டும் பலமுறை பிரித்தேன், கனவில் பிளாக் வீட்டைவிடப் பெரியது, நான் சிலிண்டர்களுக்கு நடுவே ஈரச் சந்துகளில் நடக்கிறேன், சுவரைப் பித்தளைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போகிறேன், டொக், டொக், மறுபக்கத்திலிருந்து யாரோ திரும்பத் தட்டுகிறார்கள், யாரது என்று கேட்பதற்குள் விழிப்பு வருகிறது, விழித்தால் அது கனவில்லை, கலவை ஊற்றிய நாள், சென்னியண்ணன் புனலைப் பிடித்திருக்கிறார், நான் குவளையைச் சாய்க்கிறேன், இந்த வகை பிளாக் மூன்று லிட்டர் பிடிக்கும், எப்போதும் மூன்று, இந்த முறை குறித்த மட்டம் வந்த பிறகும் குவளையில் அரை லிட்டர் நிற்கிறது. அட, மிச்சமாயிருச்சு பாரு மாப்ள, உன் தங்கச்சி ராசி என்கிறார் அவர், நான் குவளைக்குள் பார்க்கிறேன், சாம்பல் நிறக் கலவை, மேலே என் முகம் தெரியவில்லை, எதுவும் தெரியவில்லை, இந்த அரை லிட்டர் போயிருக்க வேண்டிய இடம் எது என்று நினைத்தேன், நினைத்தேன், அதை மறுக்க முடியாது, புது பிளாக்குங்ணா, சுவர் தடிமனா வெச்சிருப்பாங்க, எடம் கம்மியா இருக்கும் என்றேன், நான் சொன்னதை நானே கேட்டுச் சமாதானமானேன், இறுக அரை மணி நேரம் ஆகும், அதற்குள் தண்ணீர்க் குழாயைத் திறந்து அடித்திருந்தால் எல்லாம் வெளியே வந்திருக்கும், பித்தளைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன், கலவை போகாத இடம் டிங் என்று மணிபோல் ஒலிக்கும், போன இடம் டொக் என்னும், சுற்றிச் சுற்றித் தட்டினேன், மூன்றாவதன் பின்பக்கமும் டொக் என்றது, இறுகிய மண்ணும் டொக் என்றுதான் சொல்லும், மிச்சக் கலவையைக் கிரைண்டரின் ஆடும் காலுக்கடியில் ஊற்றினேன், அது இன்றுவரை ஆடவில்லை.

மூடிரு மாப்ள என்கிறார் சென்னியண்ணன் இப்போது, மெதுவாக, வாசலைப் பார்த்துக்கொண்டே, தாரணிப் புள்ள வருது, ஆட்டோவுல எறங்கீட்டிருக்குது, இரும்புக்காரரும் இப்ப வந்துருவாரு, உருக்கீட்டாங்கன்னா ஆருக்குத் தெரியப்போகுது, தார்ப்பாயின் ஒரு முனையை அவரே எடுத்து என் பக்கம் நீட்டுகிறார், நான் விரலை வெளியே எடுத்தேன், முனையை வாங்கினேன், பாதிவரை இழுத்தும்விட்டேன், அவள் உள்ளே வருகிறாள், ஒரு கையில் ஊன்றுகோல், தோளில் பை, பைக்குள் ஹெல்மெட் என்று தெரியும், அதைக் கொடுக்கத்தான் வருகிறாள், வேற யாராச்சும் ஓட்டட்டும், வீணா வீட்டுல இருந்து என்ன பண்ணப்போகுது என்று நேற்றுப் போனில் சொன்னாள், பந்தய லைசென்ஸை இந்த வருடம் புதுப்பிக்கப் போவதில்லை என்றும் சொன்னாள். என்னங்ணா, ரெண்டு பேரும் பொணத்த மூடற மாதிரி மூடறீங்க, என் வண்டிதான என்று சிரிக்கிறாள், கிட்டே வருகிறாள், சிரிப்பு பாதியில் நிற்கிறது, என் விரலைப் பார்க்கிறாள், நுனியில் கறுப்பு மணல் ஒட்டியிருக்கிறது, நான் துடைக்கவில்லை, ஏன் துடைக்கவில்லை, ஒரு நொடியில் துடைத்திருக்கலாம். அது எங்கிருந்துண்ணா, என்றாள். நான் தார்ப்பாயை விட்டேன், அது தரையில் சரிந்து விழுந்தது, அவளுடைய இடது கையைப் பிடித்தேன், அவள் இழுத்துக்கொள்ளப் பார்த்தாள், விடவில்லை, விரலை நீட்டச் சொல்லி மூன்றாவது சிலிண்டருக்குள் கொண்டுபோனேன், முதல் கணு, இரண்டாம் கணு, இங்க கலவையே இல்லியே என்றாள், இல்ல என்றேன், சுவரு இங்கதான் ஒடஞ்சுதா, ஆமா, பிஸ்டன் சிக்கீருச்சா, ஆமா கண்ணு. அவள் பட்டறையில் வளர்ந்தவள், என்னைப் பார்க்காமல் கேட்டாள், அன்னிக்கு ஊத்தறப்ப எவ்வளவு புடிச்சுதுண்ணா. சென்னியண்ணன் தொண்டையைச் செருமினார், புது பிளாக் பாரு கண்ணு என்று ஆரம்பித்தார், ரெண்டரை என்றேன் நான். ரெண்டரை என்று அவளும் சொன்னாள், மூணு புடிக்கோணும், புடிக்கலைன்னு அன்னிக்கே உனக்குத் தெரியும், கேள்வியாகச் சொல்லவில்லை, தெரியும் என்றேன். அவள் ஊன்றுகோல் கீழே விழுந்தது, எடுக்கக் குனிந்தேன், வேண்டா, தொடாத என்றாள், ஒற்றைக் காலில் பாரத்தைப் போட்டு பிளாக்கின் மேல் சாய்ந்துகொண்டாள், விரலை எடுக்கவில்லை, அந்த வாய்க்குள்ளேயே வைத்துத் துழாவிக்கொண்டிருக்கிறாள், உள்ளேயிருந்து மணல் மெல்லிய கோடாக வழிகிறது, நாலுதான் போட்டேன் என்கிறாள், எனக்கல்ல, சென்னியண்ணனுக்கல்ல, அந்த இரும்புக்குள் குனிந்து, நான் நாலுதான் போட்டேன், குரல் உள்ளே போய் மோதி வருகிறது, ஆமா கண்ணு, நாலுதான் என்று சொல்ல வாயெடுக்கிறேன், சொல்வதற்கு நான் யார், வாசலில் இரும்புக்காரரின் வண்டி வந்து நிற்கிறது, யாரும் திரும்பவில்லை, அவளுடைய இடது கை கணுக்கணுவாக உள்ளே போய்க்கொண்டிருக்கிறது, என் கை இரண்டையும் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நான் நிற்கிறேன்.