மணல் மூட்டை மாப்பிள்ளை

எனக்கு இரண்டு கணவர்கள். ஒருவர் பேசுவார், இன்னொருவர் பேசமாட்டார். பேசாதவர் மணல் மூட்டை. என் பட்டறையில் டயர் வேலை பார்க்கும் நாத்தனார்தான் அதற்கு ‘மாப்பிள்ளை’ என்று பெயர் வைத்தார். இருவரில் யார் உசத்தி என்று போன மாதம் வரை யாராவது கேட்டிருந்தால், யோசிக்காமல் மூட்டையைக் காட்டியிருப்பேன்.

என் பிழைப்பு கார்களின் சஸ்பென்ஷன். என்ஜினைப் பற்றி என்னிடம் பேசாதீர்கள், அது வேறு ஆள் பாடு. ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் மட்டும்தான் நான். தெருவுக்கு ஏற்ற மாதிரி இளக்கி வைத்தால், பந்தயத் தடத்தில் வண்டி வளைவுக்கு வளைவு தள்ளாடும். தடத்துக்கு ஏற்ற மாதிரி இறுக்கி வைத்தால், தெருவில் இருக்கும் ஒவ்வொரு குழியும் நேராகப் பல்லில் வந்து இடிக்கும். இரண்டையும் ஒரே வண்டியிடம் கேட்டு வாங்குவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

இந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. நான்கு சக்கரத்துக்கும் அடியில் நான்கு தராசுத் தட்டுகளை வைப்போம். ஓட்டுபவரின் இருக்கையில் அவருடைய எடைக்கு மணல் மூட்டையை உட்கார வைப்போம். பிறகு ஸ்பிரிங்கைத் தாங்கும் வளையத்தைத் திருகித் திருகி, முன் சக்கரங்கள் இரண்டும் ஒரே எடையைச் சுமக்கும்படி கொண்டுவருவோம். ஒன்று குறைவாகச் சுமந்தால், பிரேக்கை அழுத்தி மிதிக்கும்போது அதுதான் முதலில் சுழற்சியை நிறுத்திவிட்டு வழுக்கும். நிஜ ஆளையே உட்கார வைக்கலாமே என்பீர்கள். நிஜ ஆள் நெளிவார், போன் பேசுவார், “இன்னும் எவ்ளோ நேரம்?” என்பார். மூட்டைக்கு அந்தக் கெட்ட பழக்கமெல்லாம் கிடையாது.

பேசுகிற கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். எங்கள் கார் பச்சை நிறம், இரண்டே இருக்கை, மேலே கூரை கிடையாது. குழியில் விழுந்தால் துள்ளும் என்பதால் அதற்குத் ‘தவளை’ என்று பெயர். அவர் ஓட்டுவார், நான் செட் செய்வேன். அவருடைய எடை எண்பத்து நாலு. பட்டறைச் சுவரில் சிவப்பு பெயின்ட்டால் முழ உயரத்துக்கு அதை எழுதி வைத்திருந்தேன். காரணம், இரண்டு வருடத்துக்கு முன்னால் டாக்டர் அவரை எடை குறைக்கச் சொன்னார், அவரும் குறைத்துக் காட்டினார். ஒருநாள் சாயங்காலம் வந்து “எண்பத்தி நாலும்மா!” என்று சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே பிரஷ்ஷைத் தேடி எடுத்து எழுதிவிட்டேன், மாப்பிள்ளையையும் அதே எடைக்குக் கட்டினேன்.

போன மாதம் ஊர் கார் கிளப்பில் ஆறு பயிற்சிக் கார்களைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினார்கள். அது கிடைத்தால் பட்டறை நிற்கும். கிடைக்காவிட்டால் மாதக் கடைசியில் ஷட்டரை இறக்கிவிட்டு, பழைய சர்வீஸ் சென்டருக்கே நான் திரும்பிப் போக வேண்டும். பத்து வருடம் அனுபவம் இருந்தும் “மேடம், நீங்க வாட்டர் வாஷ் பக்கம் பாத்துக்குங்க” என்று சொன்ன மேனேஜர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். அந்த ஆள் முகத்தில் மறுபடி விழிக்க நான் தயாராக இல்லை.

கிளப் செயலாளர் பரீட்சை வைத்தார். ஞாயிறு காலையில் சொந்தக் காரைத் தெரு வழியாகவே தடத்துக்குக் கொண்டுவர வேண்டும். செட் செய்தவர் மடியில் முப்பது முட்டை உள்ள தட்டோடு பக்கத்து இருக்கையில் வர வேண்டும். ஒன்றுகூட விரிசல் விடக் கூடாது. பிறகு தடத்தில் மூன்று சுற்று. அதில் ஒன்றையாவது இரண்டு நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். நடுவில் ஒரே ஒரு முறை, பத்து நிமிடம் நிறுத்திச் சரிபார்க்கலாம்.

“சுத்தும்போதும் செட் பண்ணவங்க பக்கத்துலயே உக்காரணும். அப்பதான் பொறுப்பு வரும்,” என்றார் செயலாளர்.

தெருவைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. ஷாக் அப்சார்பரின் தலையில் இருக்கும் திருகைப் பத்து க்ளிக் இளக்கினால் தவளை சாதுவாகிவிடும். கவலையெல்லாம் தடத்தின் கடைசி வளைவைப் பற்றித்தான். மூன்று வாரமாக என் கணவர் தனியாக ஓட்டிப் பழகியபோதெல்லாம் அந்த இடத்தில் பிரேக் மிதித்தால் இடது முன் சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொண்டது. புகை கிளம்பும், வண்டி திரும்பாமல் நேரே புல்லுக்குப் போய்விடும். நான் பிரேக் பேடை மாற்றினேன், பேரிங்கைக் கழற்றிப் பார்த்தேன், ஷாக் அப்சார்பரைப் பிரித்து மாட்டினேன். மாப்பிள்ளையை உட்கார வைத்துத் தராசில் பார்த்தால் முன் சக்கரம் இரண்டும் கிலோ பிசகாமல் சமம்.

“நீங்க மிதிக்கிறதுதான் சரியில்ல,” என்றேன்.

“ஆமாம்மா, எம்மேலதான் தப்பு,” என்றார்.

அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். கல்யாணமான பதினாலு வருடத்தில் இந்த மனிதர் ஒரு தப்பை ஒப்புக்கொண்டதே இல்லை. பூட்டிய கதவில் முட்டிக்கொண்டால்கூடக் கதவு மேல்தான் குற்றம் சொல்வார்.

வியாழக்கிழமை மாப்பிள்ளைக்கு வயிறு கிழிந்தது. மூட்டையின் தையல் விட்டு, மணல் இருக்கை முழுக்கக் கொட்டியது. தைத்துக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை. நேரே கண்ணாடிக் கடைக்குப் போன் செய்து, வந்து உட்காரச் சொன்னேன். கடையில் கூட்டம் என்றார். பிறகு தலைவலி என்றார். மூட்டையைத் தானே தைத்துத் தருவதாகக்கூடச் சொன்னார். சட்டைப் பொத்தான் தைக்கத் தெரியாத ஆள். என் நாத்தனார் போனைப் பிடுங்கி, “டேய், வர்றியா, இல்ல நான் அங்க வரவா?” என்றதும் கால் மணியில் வந்து நின்றார்.

காரில் ஏறினார். நான் தராசின் திரையைப் பார்த்தபடி குந்தியிருந்தேன். இடது முன் சக்கரம் இருநூற்று முப்பத்தெட்டு, வலது இருநூற்று நாற்பத்தைந்து. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடுத்த கணமே வலது பக்கம் நாற்பத்து மூன்று, நாற்பத்தொன்று, நாற்பது என்று தானாக இறங்கியது. பிறகு கிடுகிடுவென்று ஏறியது. பிறகு மறுபடி இறங்கியது.

“அண்ணி, தராசு கெட்டுப் போச்சு போல,” என்றேன்.

“தராசு நல்லாத்தான் இருக்கு. தலையை நிமித்தி மேல பாரு,” என்றார் நாத்தனார்.

பார்த்தேன். என்ஜின் தூக்குவதற்கு உத்தரத்தில் தொங்கும் சங்கிலியை என் கணவர் ஒரு கையால் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, ஒன்றுமே நடக்காதது போல எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சங்கிலியை விடுங்க.”

“எந்தச் சங்கிலி?”

“விடுடா!” என்று நாத்தனார் போட்ட சத்தத்தில் விட்டார். இருக்கை முனகியது. நான்கு திரைகளையும் கூட்டி, காரின் எடையைக் கழித்துப் பார்த்தேன். நூற்று ஒன்று.

அதற்கப்புறம் நான் பேசியதையெல்லாம் இங்கே எழுத முடியாது. மூன்று வாரம் நான் காருக்கு அடியில் கிடந்ததைச் சொன்னேன். என் பட்டறை, என் பெயர், வாட்டர் வாஷ் எல்லாவற்றையும் இழுத்தேன். “ஒரு நம்பரை ஒழுங்கா சொல்லத் தெரியாதா? பச்சப் பொய்! அதுவும் எங்கிட்ட!” என்று பட்டறை அதிரக் கத்தினேன். அவர் அசடு வழிய உட்கார்ந்திருந்தார்.

“அன்னைக்கு எண்பத்தி ஏழு இருந்தேன்,” என்றார் கடைசியில். “அடுத்த வாரம் எண்பத்தி நாலு ஆயிடும்னு நெனச்சுத்தான் முன்கூட்டியே சொன்னேன். நீ சுவத்துல எழுதிட்ட. வர்றவன் போறவன்கிட்ட எல்லாம் காட்டின. அதுக்கப்புறம் அது ஏற ஏற, நான் எந்த வாயால சொல்றது?”

எனக்குக் கோபம் ஆறவில்லை. ஆனால் அந்தச் சிவப்பு எண்ணை நிமிர்ந்து பார்க்கவும் கஷ்டமாக இருந்தது. என்னுடைய சந்தோஷத்துக்குப் பயந்துகொண்டு ஒரு மனிதர் இரண்டு வருடம் இருந்திருக்கிறார். நான் ஸ்பேனரை எடுத்தேன்.

அவர் அசையாமல் உட்கார்ந்திருக்க, வளையங்களைத் திருகிப் புதிதாகச் சமன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை நானும் உட்கார வேண்டும் அல்லவா? நான் உட்கார்ந்துவிட்டால் ஸ்பேனரை யார் பிடிப்பது? தரையில் கிடந்த மணலை அள்ளி என் எடைக்கு ஒரு சின்ன மூட்டை கட்டி இடது இருக்கையில் வைத்தேன். அறுபது கிலோ. முன் சக்கரம் இரண்டும் அச்சு அசலாக ஒன்றானது.

ஞாயிறு காலை. முப்பது முட்டையை மடியில் வைத்துக்கொண்டு, பதினோரு வேகத்தடையையும் தண்ணீர்க் குழாய்க்காகத் தோண்டி மூடாத இரண்டு தெருவையும் தாண்டி வந்தேன். செயலாளர் ஒவ்வொரு முட்டையாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. எனக்குச் சிறகு முளைத்தது போல இருந்தது. ஷாக் அப்சார்பரைத் தடத்துக்கு இறுக்கினேன், தலைக்கவசம் மாட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன்.

முதல் சுற்றில் எல்லாம் சரியாகத்தான் போனது. கடைசி வளைவு வந்தது. அவர் பிரேக்கை மிதித்தார். கீச்சென்று சத்தம், புகை. இந்தத் தடவை வலது முன் சக்கரம். புல்லில் இறங்கி ஏறி வந்தோம். இரண்டு நிமிடம், ஆறு வினாடி.

வண்டியை ஓரங்கட்டினோம். செயலாளர் கடிகாரத்தைத் தட்டிவிட்டு, பத்து நிமிடம் என்று விரலால் காட்டினார்.

“நான் நேத்து ராத்திரியிலிருந்து ஒண்ணுமே கூடுதலா சாப்பிடல, சத்தியமா!” என்றார் என் கணவர், நான் கேட்பதற்கு முன்னாலேயே.

எனக்குத் தெரியும். வலது சக்கரம் பூட்டுகிறது என்றால் பாரம் இடது பக்கம் கூடியிருக்கிறது. இடது பக்கம் உட்கார்ந்திருப்பது யார்? காது மடல் வரை எனக்குச் சுட்டது.

நாத்தனார் ஸ்பேனரோடு சக்கரத்தின் பக்கத்தில் குந்திவிட்டார். “வலது பக்கம் வளையத்தை ஏத்தணும், அது புரியுது. எத்தன சுத்து? எத்தன கிலோ வித்தியாசம்?”

பக்கத்தில் செயலாளர் நின்றுகொண்டிருந்தார். வியாழக்கிழமை நான் போட்ட கூச்சல் என் காதிலேயே திரும்ப ஒலித்தது. ஒன்றும் சொல்லாமல் மூன்று சுற்றையும் முடித்துவிட்டு, தடம் சரியில்லை என்று சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். வாட்டர் வாஷ் மேனேஜரின் சிரிப்பு கண்ணில் வந்து நின்றது.

“ஏழு நிமிஷம்தான் இருக்கு. சொல்லித் தொலை,” என்றார் நாத்தனார்.

“அறுபது இல்ல அண்ணி.”

“அது எனக்கே தெரியுது. எவ்ளோ?”

“எழுபது…” என்றேன். அவர் ஸ்பேனரை ஆட்டினார். “எழுபத்தி ரெண்டு.”

செயலாளர் நாகரிகமான மனிதர், வானத்தைப் பார்த்தார். என் கணவர் பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் வரவில்லை. இப்போது கத்த வேண்டியது அவருடைய முறை.

“பூட்ஸோட எழுபத்தி மூணு அக்கா,” என்றார் அவர், நாத்தனாரிடம். “பூட்ஸையும் சேத்துக்கோ.”

“உங்களுக்குத் தெரியுமா?” என்றேன்.

“சோபாவுல நீ உக்காந்தா நான் இந்தப் பக்கம் ஏறுவேன். முன்னெல்லாம் இவ்ளோ ஏற மாட்டேன்.”

“வியாழக்கிழம நான் அந்தக் கத்து கத்தினேனே, அப்பவே சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லியிருந்தா இன்னிக்கு இங்க உயிரோட நின்னிருப்பேனா?” என்றார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குக் கண்ணீர்தான் முதலில் வந்தது, அதற்குப் பின்னாலேயே சிரிப்பும் வந்தது. நாத்தனார் எங்களைச் சட்டை செய்யாமல் வளையத்தை ஒன்றரைச் சுற்று ஏற்றினார்.

இரண்டாவது சுற்றில் கடைசி வளைவு எங்களுக்கு வழிவிட்டது. மூன்றாவது சுற்றில் அவர் பிரேக்கை மிதித்த மிதியில் என் தலைக்கவசம் முன்னால் போய்ப் பின்னால் வந்தது. புகை இல்லை, கீச் இல்லை. ஒரு நிமிடம், ஐம்பத்தெட்டு வினாடி.

செயலாளர் கடிகாரத்தை இரண்டு தரம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “எங்க ஆறு காரும் இப்படித்தான் ஆளுக்கொரு பக்கம் வழுக்குது. ஓட்ட வர்றவங்க ஃபாரத்துல எழுதிக் குடுக்கிற எடையை வெச்சுத்தான் செட் பண்றோம்,” என்றார்.

“கேட்டு எழுதாதீங்க சார். தராசுல ஏத்திட்டு எழுதுங்க,” என்றேன்.

“நாளைக்கே வேலைய ஆரம்பிச்சுடுங்க,” என்றவர், தராசு என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் பட்டறைக்குப் போனபோது சுவரில் எண்பத்து நாலு இல்லை. என் கணவர் அதை வெள்ளையடித்து மறைத்துவிட்டு, கீழே சிவப்பில் நூற்று ஒன்று என்று தன் கையாலேயே எழுதியிருந்தார். பக்கத்தில் இடம் விட்டு, பிரஷ்ஷை என்னிடம் நீட்டினார். நான் எழுபத்து இரண்டு என்று எழுதினேன், கொஞ்சம் சின்னதாக. மூட்டைகளை அவிழ்த்து, மணல் முழுவதையும் வாசலில் வண்டிகளைத் தூக்கிப் போடும் குழியில் கொட்டி மிதித்து நிரவினேன்.

இப்போது எனக்கு ஒரே கணவர். நெளிவார், போன் பேசுவார், “இன்னும் எவ்ளோ நேரம்?” என்பார். உத்தரத்துச் சங்கிலியை மட்டும், அவர் ஏறி உட்காரும்போது நாத்தனார் எட்டாத உயரத்துக்குச் சுருட்டிவிடுகிறார். நான் ஏறி உட்காரும்போதும்தான்.