அப்பா விழுந்த விளம்பரம்

வழுக்காத தரைவிரிப்பு விற்கும் கம்பெனி அது. விளம்பரம் எழுதுகிறவர்களின் எழுத்தில் உயிரே இல்லை என்று சொல்லி, முதலாளி அவர்களுக்குப் பயிற்சி வகுப்பு வைத்தார். வந்த பயிற்சியாளர் தேன் ஒழுகப் பேசுகிறவர். "மனசுக்குள்ள பூட்டி வச்சிருக்கிற ஒண்ணை எழுதுங்க. இந்த ரூமைத் தாண்டாது, நான் பொறுப்பு" என்றார்.

அந்த வாக்கை நம்பி ஒருத்தி எழுதிவிட்டாள். மழைக்காலத்தில் அவளுடைய அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்தார். உடம்பில் பொட்டுத் துணியில்லாமல் ஈரத்தில் கிடந்தபடி, "கதவைத் திறக்காத!" என்று உள்ளேயிருந்தே மகளிடம் கத்தினார். தாழ்ப்பாளை உடைத்துத்தான் அவள் உள்ளே போனாள். அப்புறம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "யார்கிட்டயும் சொல்லாதம்மா." அண்ணனிடம்கூட அவள் மூச்சு விடவில்லை. காகிதத்தில் எழுதினால் சொன்னதாகாது என்று நினைத்துக்கொண்டாள், பாவி மகள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணி செல்போனைப் பார்த்துக்கொண்டே, "மாமா, இதைக் கேளுங்களேன், பாவமா இருக்கு" என்று உரக்க வாசித்தாள். 'கதவைத் திறக்காதே என்று கத்தினார் அப்பா...' ஒரு வரி மாறவில்லை. அடியில் விரிப்பின் படம், தள்ளுபடி விலை. அண்ணிக்கு ஒன்றும் தெரியாது. அப்பா மகளை ஒரு தரம் பார்த்தார். பிறகு சுவரைப் பிடித்துப் பிடித்துத் தன் அறைக்குப் போய்ச் சாத்திக்கொண்டார். அன்று அவர் சாப்பிடவில்லை.

மறுநாள் வகுப்பில் அதே விளம்பரம் திரையில் பெரிதாக நின்றது. பயிற்சியாளர் கைதட்டச் சொன்னார். நாலைந்து பேர் தட்டவும் செய்தார்கள். அவளுக்கு உச்சந்தலை வரை கொதித்தது.

"யாரைக் கேட்டுப் போட்டீங்க?"

பின்வரிசையில் இருந்த முதலாளி சிரித்தார். "பேர் எங்கயும் போடலையேம்மா. விற்பனை பிச்சுக்கிட்டுப் போகுது. நீ பெருமைப்படணும்."

"ஊருக்குத் தெரியாது சார். எங்கப்பாவுக்குத் தெரியுமே!" பயிற்சியாளர் பக்கம் திரும்பினாள். "தாண்டாதுன்னு சொன்ன வாய்தானே இது? உங்க அப்பாவை அம்மணமா நிறுத்தி நாலு வரி எழுதுங்க. நாளைக்கே போஸ்டர் ஒட்டிடலாம்."

"உணர்ச்சிவசப்படாதீங்க..."

"உணர்ச்சியோட எழுதுன்னு சொன்னது யாரு?"

பக்கத்து நாற்காலிக்காரர் எழுந்தார். அவளோடு வம்பளப்பதைத் தவிர வேறெதற்கும் வாய் திறக்காத மனுஷன். பயிற்சியாளரின் மேசைக்குப் போய், எல்லாரும் எழுதிக் கொடுத்த தாள்கள் இருந்த கோப்பைப் புரட்டித் தான் எழுதியதை உருவிச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டார். "என் பொண்டாட்டி கதையும் இதுல இருக்கு சார். மன்னிக்கணும்." பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள். கை தட்டியவர்கள்தான் முந்திக்கொண்டார்கள். முதலாளியின் முகம் கறுத்தது. மாலைக்குள் விளம்பரத்தை எடுக்கச் சொல்லிவிட்டார். அவளை விளம்பரப் பிரிவிலிருந்து கிடங்குக்கு மாற்றியதும் அதே மாலைதான்.

வீட்டுக்கு வந்து அப்பாவின் கதவுக்கு வெளியே நின்று சொன்னாள்: "எடுத்துட்டாங்கப்பா."

கதவு திறக்கவில்லை.

"பார்த்தவன் கண்ணையும் எடுத்துட்டானா?" என்றார் உள்ளேயிருந்து.

கிடங்குச் சாவியைக் கையில் இறுக்கியபடி அங்கேயே நின்றாள். இத்தனை நேரம் அடுத்தவர்மேல் எரிந்த கோபம் தன் பக்கம் திரும்புவது அவளுக்கே தெரிந்தது.