ஏழு மாதம் வலிக்கவில்லை

ஜெனிட்டாவுக்கு முதன்முதலில் வயிறு வலித்தது பன்னிரண்டாம் வகுப்பு மாதிரித் தேர்வு நாளில். அதனால் அந்த வலிக்குப் பரீட்சைப் பயம் என்று பெயர் வைப்பது எல்லாருக்கும் சுலபமாகப் போயிற்று. "புக்க எடுத்தா வயிறு வலிக்கும், செல்போன எடுத்தா சரியாப்பூடும்" என்று சிரித்தான் அவள் அப்பா தாவீது. மாமல்லபுரத்தில் சுற்றுலா வேன் ஓட்டுகிறவன். அம்மா பொன்னி சிரிக்கவில்லை. ஓமத்தைக் கொதிக்க வைத்து வடிகட்டிக் கொடுத்தாள். ஆனால் உள்ளூர அவளும் அதையேதான் நினைத்தாள்.

பரீட்சை முடிந்தது. வலி முடியவில்லை.

செங்கல்பட்டில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. பூஞ்சேரி முனையில் பஸ் ஏறி, திருக்கழுக்குன்றம் வழியாகப் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பொன்னி கடற்கரை ஓட்டல் ஒன்றில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலைக்கு ஏழு மணிக்கே கிளம்ப வேண்டும். அவள் கிளம்புவதற்குள் ஜெனிட்டா நாலு தடவை, ஐந்து தடவை கழிவறைக்குப் போய் வந்திருப்பாள். "இன்னாடி, அங்கியே பாய் போட்டுக்கினியா?" என்று பொன்னி வெளியிலிருந்து கத்துவாள். பஸ் போய்விடும். அடுத்த பஸ்ஸில் போனால் முதல் வகுப்பு போய்விடும்.

கொஞ்ச நாளில் ஜெனிட்டா காலையில் சாப்பிடுவதை விட்டாள். வயிற்றில் எதுவும் இல்லாவிட்டால் பஸ்ஸில் அவசரம் வராது என்று அவளாகக் கண்டுபிடித்த வழி அது. பிறகு மதியமும் விட்டாள். டப்பாவில் கட்டிக் கொடுத்த சோறு அப்படியே திரும்பி வந்தது. பொன்னி அதை இரவில் தாவீதுக்குப் போட்டாள். "ஒல்லியாவணும்னு டயட்டுல கீது போல" என்றான் அவன்.

வைத்தியம் பார்க்காமலும் இல்லை. மெடிக்கலில் ரோஸ் நிற மருந்து வாங்கினார்கள். தெருமுனை கிளினிக்கில் கேஸ் என்றார்கள், இன்னொரு கிளினிக்கில் அல்சர் என்றார்கள். ஊசி போட்டார்கள். போட்ட வாரம் நன்றாக இருக்கும். சபையில் ஜெபமும் செய்தார்கள்.

இரண்டாம் வருடம் தொடங்கிய சமயம், பக்கத்து வீட்டு லோகநாயகி தண்ணீர்க் குழாயடியில் பொன்னியை நிறுத்தினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பொன்னி, ஒம் பொண்ணு வூட்டுக்குப் பின்னாடி நின்னு வாந்தி எடுத்துகினு இருந்துச்சு. ரெண்டு வாட்டி பார்த்தேன். கொஞ்சம் கவனிச்சிக்கோ" என்றாள்.

பொன்னி பாதி நிறைந்த குடத்தோடு வீட்டுக்குத் திரும்பினாள். ஜெனிட்டாவுக்கு மூன்று மாதமாகத் தீட்டு வரவில்லை என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அவள் யோசிக்காமல் தள்ளி வைத்திருந்ததை லோகநாயகி ஒரே பேச்சில் எடுத்துக் கையில் கொடுத்துவிட்டாள்.

அந்தச் சனிக்கிழமை பொன்னி திருக்கழுக்குன்றம் வரை போய், முகம் தெரியாத மெடிக்கலில் கர்ப்பம் பார்க்கும் கார்டு ஒன்று வாங்கி வந்தாள். தாவீது வேனோடு காஞ்சிபுரம் போயிருந்தான். ஜெனிட்டா கட்டிலில் முழங்காலை மடக்கி, வயிற்றில் தலையணையை அழுத்திப் படுத்திருந்தாள்.

"யாரு அவன்?" என்றாள் பொன்னி.

"இன்னாம்மா?"

"நடிக்காத. யாருன்னு மட்டும் சொல்லு. அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்."

கார்டைப் பார்த்ததும் ஜெனிட்டாவுக்குப் புரிந்துவிட்டது. கத்துவாள், அழுவாள் என்று பொன்னி எதிர்பார்த்தாள். அவள் மெல்ல எழுந்து, கார்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வந்து அதைத் தண்ணீர் டிரம்மின் மூடிமேல் வைத்தாள். ஒரே ஒரு கோடு.

"ஸ்தோத்திரம்" என்று பொன்னி வாய்விட்டுச் சொன்னாள். அவ்வளவு நிம்மதி. அப்புறம்தான் மகளின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் கோபம் இல்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த யாரோ ஒருத்தியைப் பார்ப்பதுபோல அவள் பொன்னியைப் பார்த்தாள்.

மறுநாள் காலை, "வயிறு எப்டி கீது?" என்று பொன்னி கேட்டாள்.

"வலிக்கலம்மா."

அதற்கப்புறம் என்றைக்குக் கேட்டாலும் அதே பதில்தான். வலிக்கவில்லை. ஜெனிட்டா மற்றவர்கள் விழிப்பதற்கு முன்னால் எழுந்து கழிவறை வேலையை முடித்துவிடுவாள். டப்பா காலியாக வந்தது. அந்தச் சோற்றைக் கல்லூரி வாசல் நாய்கள் தின்றன என்பது பொன்னிக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியவந்தது. கிறிஸ்துமஸுக்குத் தைத்த சுடிதார் தோளில் நிற்காமல் தொங்கியபோது, தையல்காரிதான் அளவு தப்பாக எடுத்துவிட்டாள் என்று பொன்னி சண்டைக்குப் போனாள். ஒரு விதத்தில் அந்தச் சனிக்கிழமை நல்லதற்குத்தான் என்றுகூட அவளுக்குத் தோன்றியது. அதட்டியதில் பெண் தெளிந்துவிட்டாள்.

ஏழு மாதம் இப்படிப் போயிற்று.

மார்ச் மாதம் ஒரு பகல், ஓட்டலில் படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தபோது பொன்னிக்குப் போன் வந்தது. ஜெனிட்டாவின் தோழி ஷீலா. "ஆன்ட்டி, லேப்ல ஜெனி வுழுந்துட்டா. வயிறு கல்லு மாதிரி கீது ஆன்ட்டி. பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டினு வந்துட்டோம்."

பொன்னி ஓட்டல் சீருடையோடு போய்ச் சேர்ந்தபோது அறுவை அறைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். குடல் ஒரு இடத்தில் புண்ணாகிச் சுருங்கி, அதற்கு மேலே ஓட்டை விழுந்திருந்தது. ஒன்றரை அடி நீளம் வெட்டி எடுத்தார்கள். மலம் வெளியேற வயிற்றில் ஒரு வழி செய்து பை ஒன்றைப் பொருத்தினார்கள். வெட்டிய துண்டைச் சோதனைக்கு அனுப்பி, காசநோயா என்றும் பார்த்தார்கள். காசநோய் இல்லை.

பத்தாம் நாள் பானுமதி என்ற டாக்டர் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "இது குரோன் நோய்ம்மா. உடம்பே தன் குடலோட சண்டை போடுது. உங்க சாப்பாட்டால வந்தது இல்ல, பயத்தால வந்தது இல்ல. அடியோட போகாது, ஆனா மருந்தால அடக்கி வைக்கலாம். படிக்கலாம், வேலைக்குப் போகலாம், எல்லாம் செய்யலாம். எவ்வளவு நாளா இருக்கு?"

"ரெண்டு வருசம் டாக்டர்" என்றாள் பொன்னி. "நடுவுல சரியாயிடுச்சு. ஏழு மாசம் ஒண்ணுமே இல்ல."

"சரியாவல" என்றாள் ஜெனிட்டா. கண்ணைத் திறக்காமல்தான் சொன்னாள். "நான் சொல்லல."

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். "ரத்தம் போச்சா?"

"ம்."

"எப்பலேந்து?"

"போன ஆவணிலேந்து."

"தூக்கத்துல வலி எழுப்புமா? மாசாமாசம் வர்றது நின்னுச்சா?"

எல்லாவற்றுக்கும் ம் என்றாள். டாக்டர் பொன்னியைக் குறை சொல்லவில்லை. எடை குறைவது, தூக்கத்திலிருந்து எழுப்புகிற வலி, ரத்தம், தீட்டு நிற்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் ஊசியோடு விடக்கூடாது, குழாய் விட்டு உள்ளே பார்க்கணும் என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். ரத்தம் ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் பொன்னி கண்ணால் பார்த்தவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகு, பையைத் தானே மாற்றிவிடலாம் என்று பொன்னி நினைத்தாள். ஊர் பேர் தெரியாதவர்களின் கழிவறைகளைக் கழுவிய கை, பெற்ற பெண்ணுக்குச் செய்யாதா? ஆனால் ஜெனிட்டா உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். நர்ஸ் காட்டிக் கொடுத்தபடி அவளே கழற்றினாள், அவளே துடைத்தாள், அவளே ஒட்டினாள். ஒரு நோட்டில் சாப்பிட்டதை எழுதினாள். இட்லி ஒத்துக்கொண்டது. குழைந்த சோறும் மோரும் ஒத்துக்கொண்டன. சுண்டல் ஆகவில்லை. அந்த வருடப் பரீட்சை போயிற்று. ஷீலா மூன்றாம் வருடத்துக்குப் போனாள்.

ஒரு மத்தியானம், மகள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது பொன்னி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு நான் அப்டிக் கேட்டிருக்கக் கூடாதுடி."

"வுடும்மா."

"தப்புதான். யாரோ சொன்னதக் கேட்டுகினு…"

ஜெனிட்டா மடித்த துண்டை மடியில் வைத்துக்கொண்டாள். "அதுகூட பரவால்லம்மா. ஊர்ல எல்லா அம்மாவும்தான் கேப்பாங்க. ஆனா அந்தக் கார்டு பார்த்துட்டு நீ ஸ்தோத்திரம் சொன்ன பாரு. அப்போ கூட எனக்கு வலிச்சிகினுதான் இருந்துச்சு. அப்புறம் இன்னாதான் உனக்கு வலிக்குதுன்னு கேப்பியான்னு பார்த்தேன். நீ போய் உலை வெச்ச."

உலை வைத்தது பொன்னிக்கு நினைவில் இருந்தது. அன்றைக்கு மீன் குழம்புகூட வைத்தாள்.

ஆறு மாதம் கழித்துக் குடலை மறுபடி இணைத்தார்கள். ஜெனிட்டா மீண்டும் இரண்டாம் வருடத்தில் சேர்ந்தாள். நாலு கிலோ ஏறியிருந்தாள். தாவீது வேனை விட்டுவிட்டு வரமுடியாதபோதெல்லாம், மாதாந்திரப் பரிசோதனைக்குப் பொன்னிதான் கூடப் போகிறாள். மருந்துச் சீட்டுப் பையை அவள்தான் தூக்கிக்கொள்வாள். பெயர் கூப்பிட்டதும் இருவரும் எழுவார்கள். கதவு வரை போனதும், "நீ இங்கியே இரும்மா" என்பாள் ஜெனிட்டா. கோபமாக இல்லை, சாதாரணமாகத்தான் சொல்வாள்.

பொன்னி பெஞ்சில் உட்கார்ந்துகொள்வாள். உள்ளே மகள் பேசுவது கேட்கும். வார்த்தை புரியாது. ஆனால் நிறையப் பேசுவாள். நிறுத்தி, யோசித்து, மறுபடியும் பேசுவாள். டாக்டர் நடுவில் எதையோ கேட்பார், அதற்கும் நீளமாகப் பதில் சொல்வாள்.

வெளியே வந்ததும், "இன்னா சொன்னாங்க?" என்று பொன்னி கேட்பாள்.

"மாத்திரையை அப்டியே கண்டினியூ பண்ணச் சொன்னாங்க" என்பாள் ஜெனிட்டா. பையை வாங்கிக்கொண்டு மருந்து வாங்கும் வரிசைக்கு முன்னால் நடப்பாள்.